“எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க!”



நம்ம அவிநாசிப் பக்கத்தில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டுமானால் என்ன சொல்லுவாள்? நன்றாகப் படிக்கிறாள் என்பாள். வீட்டு வேலையெல்லாம் பார்ப்பாள் என்பாள். அதற்கெல்லாம் மேலாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள்: “எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வெள்ளந்தி!” பெண் கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லுகிறாள். பள்ளிக்கூட டீச்சரிடம் சொல்லுகிறாள். ஜெபக் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதும் சொல்லுகிறாள். கேட்கிற நாமும் சந்தோஷமாய்த் தலையாட்டுகிறோம்.

இந்த வார்த்தையைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதும் கபடு இல்லாமல் இருப்பதும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்று எண்ணிப் பிள்ளைகளை வளர்த்தால், முடிவில் அதற்கு விலை கொடுப்பது யார்?

நான் இருபது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறவன். ஆறு நாளும் வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஏழாம் நாள் பாட்டுப் பாடுகிற பிள்ளைகளைப் பார்த்தேன். பல சமயம் இரண்டும் ஒரே பிள்ளைகள்தான்!

இரண்டு வேன்கள்

காலை எட்டு மணிக்கு நம்ம ரோட்டோரம் நின்று பாருங்கள். மஞ்சள் நிற ஸ்கூல் வேன் ஒன்று வரும். அதன் பின்னாலேயே கம்பெனி வேன் ஒன்று வரும். சேவூரிலும் சரி, பெருமாநல்லூரிலும் சரி, திருமுருகன்பூண்டியிலும் சரி, இதே காட்சிதான். ஒரே தெருவில் விளையாடின பிள்ளைகள் ஒன்றில் ஒருவரும் மற்றதில் ஒருவருமாய் ஏறிப் போகிறார்கள். வயதில் ஒன்றிரண்டு வருஷம்தான் வித்தியாசம் இருக்கும்.

1980களிலும் 1990களிலும் திருப்பூரில் எக்ஸ்போர்ட் வேலை பெருகின காலத்தில், பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கை மடித்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது, பீஸ்களை எண்ணி அடுக்குவது அவர்கள் வேலை. சனிக்கிழமை ராத்திரி வாரக்கூலி வாங்கி அம்மா கையில் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் தெரியுமா? பெரிய மனுஷனாகிவிட்ட முகம்! அன்றைக்கு அவனுக்குக் குழம்பில் கறித்துண்டு கூடுதலாக விழும். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்து வீட்டைத் தாங்குவது நல்ல அனுபவம்தான். ஆனால் அந்த வாரத்துக்குள்ளே அவன் வேறு பலதையும் கற்றுக்கொண்டு வந்திருப்பான். கெட்ட வார்த்தை, அடி, பீடி, இன்ஸ்பெக்டர் வந்தால் பின்வாசல் வழியாக ஓடுவது, வயது கேட்டால் பொய் சொல்வது. இதையெல்லாம் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வீட்டுக்கு அவன் இன்னும் “ஒண்ணும் தெரியாத பிள்ளை”தான்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான சில வேலைகளை மட்டுமே தடை செய்தது. 1996 டிசம்பர் 10ஆம் தேதி, சிவகாசிப் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தான வேலையில் பிள்ளைகளை வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளோடு, 2016ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 1986லிருந்து 2016 வரை முப்பது வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்து கலியாணம் பண்ணிவிட்டது.

வெள்ளந்திக்கும் ஒரு சந்தை உண்டு

பனியனுக்கு நூல் வேண்டும். நூலுக்கு ஸ்பின்னிங் மில் வேண்டும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் மில்கள் நிறைந்தபோது “சுமங்கலித் திட்டம்” என்ற ஒன்று வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். “மாங்கல்யத் திட்டம்” என்றும் சொல்லுவார்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளைப் புரோக்கர்கள் கூட்டி வந்தார்கள். மில் வளாகத்துக்குள்ளேயே விடுதி, சாப்பாடு. மூன்று வருஷம் வேலை. முடித்தால் முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை மொத்தமாய்க் கையில் கிடைக்கும். கலியாணச் செலவுக்கு ஆகும். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961லிருந்தே சட்டப்படி குற்றம் என்பதை யாரும் நினைக்கவில்லை!

இடையில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டால் மொத்தத் தொகை போய்விடும் என்ற பயத்திலேயே பிள்ளைகள் நின்றார்கள். பஞ்சுத் தூசிக்குள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட நின்றவர்கள் உண்டு. வெளியே போக முடியாது. வீட்டுக்கு நினைத்தபடி போன் பேச முடியாது. 2011ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபின், வெளிநாட்டில் நம் துணியை வாங்குகிற பெரிய கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறே. அந்தத் திட்டத்தைப் பெற்றோர் ஏன் நம்பினார்கள்? பணத்துக்காக மட்டும் இல்லை. “மதில் சுவர் இருக்குது, வார்டன் இருக்குது, ஆம்பளைப் பசங்களோட பேச்சுவார்த்தை கிடையாது, போன் கிடையாது. உங்க பொண்ணை அனுப்பினபடியே திருப்பித் தருவோம்” என்றான் புரோக்கர். மகளுடைய வெள்ளந்தித்தனம் பத்திரமாயிருக்கும் என்பதே பெற்றோருக்குச் சொன்ன வாக்குறுதி. அந்தப் பக்கமோ, மில்லுக்கும் வேண்டியிருந்தது அதே வெள்ளந்தித்தனம்தான்! கணக்குக் கேட்காது. எட்டு மணி நேரம் தாண்டினால் ஏன் என்று கேட்காது. சங்கம் என்று போகாது. அதட்டினால் அழுதுவிட்டு மறுபடியும் மிஷினுக்கே போகும். தாய் எதைப் பொக்கிஷம் என்று வளர்த்தாளோ, அதையே அவர்கள் லாபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மில்லில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த தங்கச்சி ஒருத்தி, பெயர் வேண்டாம், ஒருநாள் ஜெபம் முடிந்தபின் என்னிடம் பேசினாள். “ஐயா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறது மட்டும் அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு” என்றாள். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

அனுப்பினது யார்?

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன். தான் கண்ட சொப்பனத்தை, தன்னைப் பகைக்கிற அண்ணன்மாரிடமே போய்ச் சொல்லுகிற வெள்ளந்தி. அண்ணன்மார் பொறாமைப்படுகிறார்கள் என்பது தகப்பனாகிய யாக்கோபுக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டார் என்று வேதமே சொல்லுகிறது. அப்படியிருந்தும், அண்ணன்மார் சுகம் விசாரித்து வா என்று அவனைத் தனியே அனுப்பினது யார்? அந்தத் தகப்பன்தான்! பலவருண அங்கி கொடுத்தார், எச்சரிப்புக் கொடுக்கவில்லை. பிரியம் இருந்தது, பேச்சு இல்லை. இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன், பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது முப்பது வயது.

இதையே வேறொரு தேசத்தில் ஒரு கவிஞர் எழுதினார். கதை, கவிதை எல்லாம் உலகத்துக் காரியம் என்று நம்மில் சிலர் ஒதுக்குவதுண்டு. ஆனாலும் கேளுங்கள். இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் என்பவர் 1789ல் சிறுபிள்ளைகளின் களங்கமின்மையைப் பற்றி ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டார். 1794ல் அனுபவத்தைப் பற்றிய கவிதைகளையும் அதோடு சேர்த்தார். அந்நாளில் லண்டனில், வீட்டுப் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்ட ஏழைச் சிறுபிள்ளைகளை விற்பார்கள். குறுகின புகைபோக்கிக்குள் சின்ன உடம்புதானே நுழையும்! பிளேக் அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு கவிதை எழுதினார், இரண்டு பகுதியிலும் ஒவ்வொன்று.

முதல் கவிதையில் ஒரு பிள்ளை சொப்பனம் காண்கிறது. தேவதூதன் வந்து எல்லாரையும் விடுவிக்கிறான். காலையில் எழுந்து குளிரிலே மறுபடியும் அதே வேலைக்குப் போகிறது. இரண்டாவது கவிதையில் பனியிலே நிற்கும் பிள்ளையிடம் அப்பா அம்மா எங்கே என்று ஒருவர் கேட்கிறார். ஜெபிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பிள்ளை சொல்லுகிறது. தான் சிரித்து ஆடிப் பாடுவதைப் பார்த்து, தனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்களாம்! பிரியமானவர்களே, இது இருநூறு வருஷத்துக்கு முந்தின லண்டனைப் பற்றி மட்டுமா? கம்பெனி வேனில் பிள்ளைகள் சிரித்துப் பாடிக்கொண்டு போவதைப் பார்த்து, எல்லாம் சுகமே என்று நாம் ஆராதனைக்குப் போகவில்லையா?

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் புகைபோக்கி வேலைக்கு வைக்கக்கூடாது என்று அங்கே 1788லேயே சட்டம் இருந்தது. பிள்ளைகளை ஏற்றும் வழக்கத்தை உண்மையாய் நிறுத்தின சட்டம் வந்ததோ 1875ல். நம் தேசம் மட்டும் தாமதித்தது என்று சொல்ல முடியாது. லாபம் வருகிற இடத்தில் எல்லா தேசத்துக்கும் கண் மெதுவாகத்தான் திறக்கிறது.

நம்ம கொங்கு மண்ணிலேயே பெருமாள்முருகன் 2000ல் எழுதின ‘கூளமாதாரி’ என்ற நாவல் உண்டு. கவுண்டர் பண்ணையத்தில் வருஷக் கூலிக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்கிற பையனும், அந்த வீட்டுப் பையன் செல்வனும் சேர்ந்து மேய்ச்சல் காட்டில் விளையாடுகிறார்கள். ஆட்டுக்கும் மழைக்கும் ஜாதி தெரியாது. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவன் எஜமானாகவும் மற்றவன் ஆளாகவும் வளர்ந்தே ஆக வேண்டும். அந்த விளையாட்டு முடிந்துபோவதற்கு இரண்டு பிள்ளைகளும் காரணம் இல்லை. களங்கமின்மை தானாக உதிர்ந்துபோகிற பால்பல் என்று நாம் நினைக்கிறோம். பல பிள்ளைகளுக்கு அதைப் பிடுங்குகிறார்கள்.

சொன்னால் கெட்டுப்போகுமா?

இப்போது சிலர் கேட்பீர்கள்: “அப்படீன்னா சின்னப் புள்ளைகளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து, நாமளே கெடுக்கறதுங்களா?” நியாயமான கேள்விதான். கெட்டதை அறிகிற அறிவு மனுஷனுக்கு என்ன கொண்டுவந்தது என்று ஏதேனிலேயே பார்த்தோம் அல்லவா?

ஆனால் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். ஆதாமும் ஏவாளும் நிர்வாணத்தை அறிந்து வெட்கப்பட்டார்கள். தோட்டத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள். அனுப்பும் முன்னே தேவன் என்ன செய்தார்? தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார். நிர்வாணமாய் அனுப்பவில்லை. நாமோ உலகத்துக்கெல்லாம் உடுப்புத் தைத்து அனுப்புகிற ஊர்க்காரர்கள். நம் பிள்ளைகளை மாத்திரம் ஒன்றும் உடுத்தாமல் அனுப்புகிறோம்.

தீமையை அனுபவிப்பது வேறு, தீமை இன்னதென்று அறிந்திருப்பது வேறு. நெருப்புச் சுடும் என்று சொல்லிக் கொடுத்ததால் கை வெந்துபோன பிள்ளை உண்டா? நம்முடைய ஆண்டவர் சீஷரை அனுப்பினபோது புறாவைப் போலக் கபடற்றிருக்கச் சொன்னவர், பாம்பின் விவேகமும் வேண்டும் என்று சேர்த்தே சொன்னார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், இருக்கவும் முடியும். யோசேப்பு எகிப்தில் அண்ணன்மாரைப் பார்த்தபோது பழைய வெள்ளந்தியாக இல்லை. உடனே தன்னை வெளிப்படுத்தாமல் அவர்களை நன்றாகச் சோதித்தறிந்தான். அப்புறம் சத்தமிட்டு அழுதான், பழிவாங்கவில்லை. எல்லாம் தெரிந்தபின்னும் கபடு இல்லாமல் இருந்தான்.

அப்படியானால் என்ன சொல்லிக் கொடுக்கலாம்? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுகிற தாளை முதலில் வாசி என்று சொல்லலாம். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களைக் கேட்டு வாங்கு என்று சொல்லலாம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது தயவு இல்லை, சட்டம் என்று சொல்லலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற இடத்தில், பெண்கள் பாலியல் தொந்தரவைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருஷத்துச் சட்டம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் தகாத முறையில் நடக்கிறவனுக்கு 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் 1098க்குப் போன் பண்ணலாம். இவை நம் வாயிலிருந்து பிள்ளைகளின் காதுக்குப் போகட்டும். எல்லாவற்றையும்விட ஒன்று: “என்ன நடந்தாலும் வந்து சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்” என்ற வார்த்தை.

திரும்பி வந்த பிள்ளை

கடைசியாக ஒன்று. நம்ம ஊர்ப் பெரிய கோயிலோடு சேர்ந்த பழங்கதை உங்களுக்குத் தெரியும். நம்முடைய விசுவாசம் வேறு. ஆனாலும் இந்த ஊரில் வளர்ந்தவர்கள் கேட்காத கதை அல்ல. ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிற்று. வருஷங்கள் கழித்து, பிழைத்த பையனின் வீட்டில் பூணூல் கலியாணம். எதிர் வீட்டில் அழுகை. அந்த வழியாய் வந்த சுந்தரர் அழுகையின் காரணத்தைக் கேட்டுப் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது என்று பெரியபுராணம் சொல்லுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையாக அல்ல, காணாமற்போன வருஷங்களின் வளர்ச்சியோடு! அந்தப் பையனுக்கும் பூணூல் கலியாணம் நடந்தது என்று கதை முடிகிறது.

பெற்றோர் அவனை ஏன் வளர்ந்து வந்தாய் என்று கேட்கவில்லை. முதலை வாயில் கிடந்தவன் என்று தள்ளி வைக்கவில்லை. நாம் எப்படி? மில்லிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, “மில்லுக்குப் போன பொண்ணா? ஹாஸ்டல்ல இருந்த பொண்ணா?” என்று இழுக்கிறவர்கள் யார்? வெளியாட்கள் மட்டுமா? நமக்குள்ளேயும் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளையை அனுப்பினதும் நாம், அவள் அனுபவத்தோடு திரும்பி வந்தால் முகம் சுளிப்பதும் நாம்!

ஜெயகாந்தன் 1966ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை எழுதினார். மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவனால் கெடுக்கப்பட்டுத் திரும்பின கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய எதிர்ப்பு எழும்பிற்று. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாகவே எழுதினார். 1972ல் அதற்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அதே பெண், அதே மழைதான். தாய் அவளை வரவேற்ற விதம் மாறிற்று. அவளுடைய ஜீவியமே வேறாகிவிட்டது.

ஆகவே சகோதரிகளே, சகோதரர்களே, இனி யாராவது “எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சொன்னால் சும்மா தலையாட்டிவிட்டுப் போகாதிருப்போம். “ஏனுங்க, யாரு சொல்லிக் குடுக்கறது? நாம இல்லீன்னா வேற ஒருத்தன் சொல்லிக் குடுப்பானுங்க” என்று அன்பாய்ச் சொல்லுவோம். வடக்கே ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் பக்கத்து விடுதிகளில் இருக்கிற பெண்பிள்ளைகளுக்கும் தாய்மார் உண்டு. அவர்களும் தங்கள் ஊரில் இதே வார்த்தையைச் சொல்லியே அனுப்பியிருப்பார்கள். அவர்களிடமும் இரண்டு வார்த்தை விசாரிப்போம்.

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வருகிற சமயத்தில்தான் புரோக்கர்களும் வீடு வீடாய் வருவார்கள். அதற்கு முன்னே, இந்த வாரமே, நம்ம வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அரைமணி நேரம் பேசிவிடுவோமா?